அடுத்தவர் மலம் நமக்கு மருந்தாகுமா?

நல்ல உடல்நலம் உள்ள ஒருவருடைய மலத்தை வாங்கி, உப்பு நீரில் கரைத்து, வடிகட்டி, நோயாளியின் குடலுக்குள் செலுத்துகிறார்கள். கேட்டதும் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் இது நாட்டு வைத்தியமும் அல்ல, மூடநம்பிக்கையும் அல்ல. மருந்துக்கு மேல் மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்த ஒரு குடல் தொற்றை, உலகின் பெரிய மருத்துவமனைகள் இந்த வழியில்தான் நிறுத்தியிருக்கின்றன.

அந்தச் செய்தி பரவியதும், வருடக்கணக்கில் வயிற்றோடு மல்லாடும் ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) நோயாளிகள் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்: "அந்த நோய்க்கு வேலை செய்வது எங்களுக்கும் வேலை செய்யாதா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். சிலருக்குப் பலன் தெரிகிறது. ஆனால் யாருக்குப் பலிக்கும், யாருடைய மலத்தால் பலிக்கும், எத்தனை நாள் நிலைக்கும் என்பது இன்னும் பிடிபடவில்லை. அதனால் ஆய்வுகளுக்கு வெளியே இதை ஐ.பி.எஸ். நோயாளிகளுக்குச் செய்ய வேண்டாம் என்றே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஏன் அப்படி என்று பார்ப்போம்.

ஐ.பி.எஸ். என்றால் என்ன?

வயிறு உப்பும், இழுத்துப் பிடித்து வலிக்கும், மலம் கழித்ததும் கொஞ்சம் தணியும். சிலருக்கு வெளியே கிளம்புகிற நேரம் பார்த்து நாலைந்து தடவை வயிற்றைக் கலக்கும். சிலருக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் மலச்சிக்கல். இன்னும் சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோப்பி என்று எல்லாம் எடுத்துப் பார்த்தால் 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரும். வலி மட்டும் போகாது.

மருத்துவர்கள் இதை 'ரோம் நெறிமுறை' என்ற அளவுகோலை வைத்து அடையாளம் காண்கிறார்கள். 2016-இல் வந்த அதன் நான்காம் பதிப்பின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி வந்திருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருப்பது, மலம் போகும் தடவை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். 33 நாடுகளில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்த அளவுகோலில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கு ஐ.பி.எஸ். இருப்பதாகக் கணக்கிட்டது.

'ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை' என்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. ஐ.பி.எஸ். உள்ளவரின் மலக்குடலில் சிறு பலூனை வைத்துக் காற்றடித்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. மற்றவர்கள் லேசான அழுத்தம் என்று சொல்லும் அளவிலேயே இவர்களில் பலர் வலியால் துடித்தார்கள். குடலின் உணர்வு நரம்புகள் சாதாரணச் சங்கதியைக் கூடப் பெரிதாக்கி மூளைக்கு அனுப்புகின்றன. அதனால்தான் இன்று இதை, குடலும் மூளையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் வரும் கோளாறு என்று வகைப்படுத்துகிறார்கள்.

நுண்ணுயிர்கள் எங்கே வருகின்றன?

சராசரி மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் ஒரு கணக்கு வெளியானது. நம் உடலின் சொந்த செல்களும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான். பாக்டீரியாக்களில் பெரும்பகுதி குடியிருப்பது பெருங்குடலில். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை இவை நொதிக்க வைத்து, குடல் சுவருக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. நோய்க் கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. வாயுவையும் உண்டாக்குகின்றன.

மலம் என்பது செரிக்காத சோற்றின் மிச்சம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால், மிஞ்சுவதில் கணிசமான பங்கு உயிருள்ளதும் செத்ததுமான பாக்டீரியாக்கள். ஆகவே மலத்தை மாற்றுவது என்றால், ஒருவர் குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தை மொத்தமாக இன்னொருவர் குடலில் குடியேற்றப் பார்ப்பது என்று பொருள்.

ஐ.பி.எஸ். கோளாறில் இந்தக் கூட்டத்துக்குப் பங்கு உண்டு என்று சந்தேகிக்க நல்ல காரணங்கள் இருக்கின்றன. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே பெருமழைக்குப் பிறகு கால்நடைச் சாணம் குடிநீர்க் கிணற்றில் கலந்தது. ஈ.கோலை, கேம்பைலோபாக்டர் கிருமிகளால் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களை ஆய்வாளர்கள் விடாமல் கண்காணித்தார்கள். இரண்டு, மூன்று வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, நோயுற்றது மருத்துவ ரீதியாக உறுதியானவர்களில் 36 விழுக்காட்டினருக்கு ஐ.பி.எஸ். அறிகுறிகள் இருந்தன. அதே ஊரில் நோய் வராதவர்களில் அது 10 விழுக்காடு. தொற்றுக் கிருமி எப்போதோ போய்விட்டது, குடல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இன்னொரு சான்று எலிகளிடமிருந்து வந்தது. குடலில் நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு, வயிற்றுப்போக்கு வகை ஐ.பி.எஸ். நோயாளிகளின் மலத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். ஆரோக்கியமானவர்களின் மலம் பெற்ற எலிகளைவிட இவற்றின் குடலில் உணவு வேகமாக நகர்ந்தது. பதற்றமும் சேர்ந்திருந்த நோயாளிகளின் மலம் பெற்ற எலிகள் பதற்றமாகவும் நடந்துகொண்டன. 2017-இல் வெளியான இந்த முடிவைப் பார்த்தபின் எதிர்க்கேள்வி தானாக எழும்: நோயாளியின் மலம் தொல்லையைக் கொண்டுபோகுமானால், ஆரோக்கியமானவரின் மலம் நலத்தைக் கொண்டுவருமா?

வெற்றி வந்தது வேறொரு நோயில்

இந்த யோசனை பழையது. நான்காம் நூற்றாண்டுச் சீனாவில் கே ஹாங் என்ற மருத்துவர், கடும் வயிற்றுப்போக்குக்கும் உணவு நஞ்சானதற்கும் மலக் கரைசல் கொடுக்கும் முறையை எழுதிவைத்தார். நவீன மருத்துவத்தில் 1958-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும், ஆன்டிபயாடிக் எடுத்தபின் உயிருக்கே ஆபத்தான குடல் அழற்சி வந்த நான்கு பேருக்கு மலக் கரைசலை எனிமாவாகக் கொடுத்தார்கள். நான்கு பேரும் தேறினார்கள்.

இப்படிப்பட்ட அழற்சிக்கு முக்கியக் காரணம் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா. சுருக்கமாக சி.டிஃப். வேறு ஏதோ நோய்க்காக ஆன்டிபயாடிக் எடுக்கிறோம், அது குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. பயிர் போன வயலில் களை மண்டுவதுபோல், காலியான இடத்தில் சி.டிஃப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. அதைக் கொல்ல மறுபடி ஆன்டிபயாடிக் கொடுத்தால் நல்லவை இன்னும் குறையும். மருந்தை நிறுத்தியதும், விதைபோல் பதுங்கியிருந்த சி.டிஃப் மீண்டும் எழும். சில நோயாளிகள் இந்தச் சுழலிலிருந்து மீளவே முடியாமல் தவிப்பார்கள்.

2013-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இதற்கு மல மாற்றைச் சோதித்தார்கள். மலக் கரைசல் பெற்ற 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் நோய் நின்றது. மீதி மூவரில் இருவருக்கு இரண்டாவது தடவையில் நின்றது. வழக்கமான வான்கோமைசின் மருந்து மட்டும் எடுத்த 13 பேரில் நால்வருக்குத்தான் குணமானது. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இன்று திரும்பத் திரும்ப வரும் சி.டிஃப் தொற்றுக்கு இது நிலைபெற்ற சிகிச்சை. மலத்திலிருந்து தயாரிக்கும் இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதியும் கொடுத்திருக்கிறது. ஆசனவாய் வழியே செலுத்தும் ரிபையோட்டாவுக்கு 2022 நவம்பரிலும், வாய்வழி கேப்சூலான வவுஸ்டுக்கு 2023 ஏப்ரலிலும் அனுமதி கிடைத்தது. இரண்டும் சி.டிஃப் மறுபடி வராமல் தடுப்பதற்கு மட்டுமே. ஐ.பி.எஸ். கோளாறுக்கு அல்ல.

ஐ.பி.எஸ். ஆய்வுகளில் நடந்தது என்ன?

ஆய்வு முடிவுகளைப் பார்க்குமுன் அளவிடும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.பி.எஸ். குறைந்ததா என்று காட்ட ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. நோயாளியிடம்தான் கேட்க வேண்டும். வலி எவ்வளவு, எத்தனை நாள் வலித்தது, உப்புசம் எவ்வளவு, மலம் கழிப்பதில் திருப்தி உண்டா, அன்றாட வாழ்க்கை எந்த அளவு கெடுகிறது என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், மொத்தம் 500. மதிப்பெண் 300-ஐத் தாண்டினால் கடுமை. 50 குறைந்தால் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும் என்று கொள்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், ஒப்பிட்டுப் பார்க்க மற்றக் குழுவுக்கு என்ன கொடுப்பது என்பது. சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றுவதுபோல் போலி மலம் கொடுக்க முடியுமா? பல ஆய்வுகள் கண்டுபிடித்த வழி நோயாளியின் சொந்த மலத்தையே திருப்பிக் கொடுப்பது. நிறம், மணம், செய்முறை எல்லாம் ஒன்று. யாருடைய மலம் தமக்குள் போனது என்பது நோயாளிக்குத் தெரியாது.

நார்வேயின் ஹார்ஸ்டாட் நகரில் அப்படித்தான் செய்தார்கள். முடிவு 2018-இல் வெளிவந்தது. கொலோனோஸ்கோப்பி வழியே பெருங்குடலின் தொடக்கத்தில் கரைசலை விட்டார்கள். மூன்று மாதம் கழித்து, கொடையாளரின் மலம் பெற்ற 55 பேரில் 36 பேருக்கு, அதாவது 65 விழுக்காட்டினருக்கு, மதிப்பெண் 75-க்கு மேல் குறைந்திருந்தது. தங்கள் மலத்தையே திரும்பப் பெற்ற 28 பேரில் 12 பேருக்கு, அதாவது 43 விழுக்காட்டினருக்கு, அதே அளவு குறைந்திருந்தது. ஒரு வருடம் கழித்து இது 56-க்கு 36 என்று ஆனது. அந்த இடைவெளி தற்செயலாக வந்தது அல்ல என்று புள்ளியியல்படி உறுதி சொல்ல முடியவில்லை.

இதில் 43 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இவர்களுக்குப் புதிதாக ஒரு நுண்ணுயிர்கூடக் கொடுக்கப்படவில்லை. இருந்தும் பத்துப் பேரில் நால்வர் தேறியிருக்கிறார்கள். நல்ல சிகிச்சை கிடைக்கிறது, அக்கறையாகக் கவனிக்கிறார்கள் என்ற எதிர்பார்ப்பு ஒரு காரணம். நோயே ஏறி இறங்கும் இயல்புடையது என்பது இன்னொரு காரணம். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் ஆய்வில் சேர்வார்கள், எப்படியும் அது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஐ.பி.எஸ். ஆய்வுகளில் மருந்துப்போலியே ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டினரைத் தேற்றுவது வழக்கம். 'எனக்குத் தெரிந்தவர் செய்துகொண்டார், சரியாகிவிட்டது' என்ற பேச்சை வைத்து எந்த ஐ.பி.எஸ். சிகிச்சையையும் எடைபோட முடியாமல் போவது இதனால்தான். ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்தப் புள்ளிவிவரத்தையும் இங்கே நம்பக்கூடாது.

அதே ஆண்டு டென்மார்க் ஆய்வு நேர் எதிராக முடிந்தது. 52 பேர். உறையவைத்த மலத்தைக் கேப்சூலில் அடைத்து, நாளைக்கு 25 வீதம் 12 நாள் விழுங்கச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து, உண்மையான கேப்சூல் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 52 மதிப்பெண் குறைந்தது. போலிக் கேப்சூல் எடுத்தவர்களுக்கு 126 குறைந்தது. போலிதான் ஜெயித்தது! ஆனால் மலத்தைச் சோதித்துப் பார்த்தபோது, உண்மையான கேப்சூல் எடுத்தவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடித்தான் இருந்தன. நுண்ணுயிர் மாறிவிட்டது, நோய் மாறவில்லை. அமெரிக்காவில் வயிற்றுப்போக்கு வகை ஐ.பி.எஸ். உள்ள 48 பேரிடம் கேப்சூலைச் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்விலும், போலியைவிட உண்மை மேல் என்று காட்ட முடியவில்லை.

பிறகு வந்தது எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்த ஆய்வு. நார்வேயின் ஸ்டோர்ட் மருத்துவமனையில் மாக்டி எல்-சால்ஹி குழுவினர் 165 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே ஒரு கொடையாளர், 36 வயது ஆண். சுகப்பிரசவத்தில் பிறந்தவர், தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர், புகைப் பழக்கம் இல்லை, தவறாமல் உடற்பயிற்சி செய்பவர், வாழ்நாளில் ஆன்டிபயாடிக் எடுத்ததும் சில தடவைதான். அவரது மலத்தில் நுண்ணுயிர் வகைகளும் செழிப்பாக இருந்தன. ஆய்வுக் கட்டுரையில் அவருக்கு வைத்த பெயர் 'சூப்பர் கொடையாளர்'. உறையவைத்த அவரது மலத்தை உருக்கி, உப்பு நீரில் கரைத்து, வாய்வழி எண்டோஸ்கோப்பி மூலம் முன்சிறுகுடலில் விட்டார்கள். ஒரு குழுவுக்கு 30 கிராம், ஒரு குழுவுக்கு 60 கிராம், மூன்றாவது குழுவுக்கு அவரவர் மலம்.

2020-இல் வெளியான முடிவு இது: மூன்று மாதத்தில் பலன் தெரிந்தவர்கள், சொந்த மலம் பெற்ற குழுவில் 23.6 விழுக்காடு, 30 கிராம் குழுவில் 76.9, 60 கிராம் குழுவில் 89.1. மூன்று வருடம் கழித்தும் அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். அப்போது முறையே 27, 64.9, 71.8 விழுக்காடு. ஐ.பி.எஸ். சிகிச்சையில் இப்படிப்பட்ட எண்களைப் பார்ப்பது அரிது.

பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வு, கேப்சூல் தோல்விகளுக்கும் இந்த வெற்றிக்கும் நடுவே நிற்கிறது. எந்தச் சிகிச்சைக்கும் மசியாத, உப்புசமே பெரும் தொல்லையாக இருந்த 62 பேர். மூன்று மாதத்தில் கொடையாளர் மலம் பெற்றவர்களில் 56 விழுக்காட்டினருக்கும், சொந்த மலம் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் பலன். ஆனால் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலோருக்குப் பலன் கரைந்துவிட்டது. இரண்டாம் தடவை செய்தபோது, முதல் தடவை பலன் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மறுபடியும் கைகொடுத்தது. முதலில் பலன் பெறாதவர்களுக்கு அப்போதும் இல்லை.

ஏன் இத்தனை முரண்?

முதல் காரணம் நோயிலேயே இருக்கிறது. சி.டிஃப் தொற்றில் எதிரி ஒன்றே ஒன்று. குடலும் ஆன்டிபயாடிக்கால் காலியாகிக் கிடக்கிறது. யாருடைய நுண்ணுயிர்க் கூட்டம் போனாலும் இடத்தை நிரப்பி எதிரியை ஒடுக்கிவிடும். ஐ.பி.எஸ். அப்படிப்பட்ட ஒற்றை நோய் அல்ல. ஒரே மாதிரி அறிகுறிகள் காட்டும் பல கோளாறுகளுக்குச் சேர்த்து வைத்த பெயர். ஒருவருக்குத் தொற்றுக்குப் பின் தொடங்கியது, இன்னொருவருக்கு நரம்புகளின் மிகையுணர்வு, வேறொருவருக்குப் பதற்றத்தோடு பின்னியது. எல்லா ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கும் பொதுவாக இந்த நுண்ணுயிர்தான் குறைகிறது என்று யாராலும் இதுவரை விரல்நீட்டிச் சொல்ல முடியவில்லை. அவர்கள் குடல் காலியாகவும் இல்லை. பழைய குடிகள் இருக்கும் இடத்தில்தான் புதியவை இடம்பிடிக்க வேண்டும்.

இரண்டாவது கொடையாளர். பாராசிட்டமால் மாத்திரையில் இருப்பது எந்தக் கடையில் வாங்கினாலும் ஒன்றுதான். மலம் அப்படி அல்ல. ஆளுக்கு ஆள் மாறும், அதே ஆளுக்கும் சாப்பாட்டைப் பொறுத்து மாறும். ஸ்டோர்ட் ஆய்வின் பலமும் பலவீனமும் அந்த ஒற்றை மனிதர்தான். அவரது மலத்தில் ஏதோ விசேஷம் இருந்திருக்கலாம். ஆனால் உலகத்துக்கே அவர் ஒருவர் கொடுத்து மாளாது. அவர் மலத்திலிருந்த எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். வேறு ஊரில், வேறு மருத்துவக் குழு, வேறு கொடையாளரை வைத்து அதே அளவு பலனைக் காட்டவும் வேண்டும். அதுவரை இதைப் பொதுச் சிகிச்சை என்று சொல்ல முடியாது.

மூன்றாவது அளவும் வழியும். எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி வழியாகக் கொடுத்த ஆய்வுகளில் ஓரளவு நம்பிக்கை தெரிகிறது. கேப்சூல் ஆய்வுகள் ஏமாற்றின. அது கேப்சூலின் குற்றமா, உள்ளே போன அளவின் குற்றமா, கொடையாளரின் குற்றமா என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு ஆய்வுகள் பெரிதாக இல்லை.

இவற்றை எல்லாம் எடைபோட்டுத்தான், அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஐ.பி.எஸ். கோளாறுக்கு மல மாற்று வேண்டாம் என்றது. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கமும் 2024-இல், ஆய்வுகளுக்கு வெளியே இதைச் செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அதே ஆவணம், திரும்ப வரும் சி.டிஃப் தொற்றுக்கு இதைப் பரிந்துரைக்கவும் செய்கிறது.

இந்தியாவிலும் இந்தத் துறையில் வேலை நடக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், கிராமத்துக் கொடையாளர்களின் மலத்தையும் அழற்சியைக் குறைக்கும் உணவுமுறையையும் சேர்த்து 66 நோயாளிகளிடம் சோதித்து 2022-இல் நல்ல பலன் காட்டினார்கள். ஆனால் அது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனும் பெருங்குடல் புண் நோய்க்கு. குடல் சுவரே புண்ணாகி ரத்தம் கசியும் அந்த நோய் வேறு, ஐ.பி.எஸ். வேறு. ஒன்றின் வெற்றியை இன்னொன்றின் கணக்கில் எழுதக்கூடாது.

ஆபத்து என்ன?

பெரும்பாலோருக்கு ஓரிரு நாள் வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், அவ்வளவுதான். ஆனால் மலத்தோடு என்னென்ன போகின்றன என்பதில்தான் அச்சம். 2019 ஜூனில் எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை விடுத்தது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய இருவருக்கு, ஒரே கொடையாளரின் மலத்திலிருந்து பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஈ.கோலை கிருமி தொற்றியது. ஒருவர் இறந்தார். அந்தக் கிருமி இருக்கிறதா என்று அந்த மலத்தைப் பரிசோதிக்காமல் விட்டிருந்தார்கள்.

அதன்பின் விதிகள் இறுகின. இன்று முறையான மல வங்கிகள் கொடையாளரின் உடல்நல வரலாற்றை நீண்ட கேள்விப் பட்டியல் வைத்து விசாரிக்கின்றன. ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள், சிஃபிலிஸ், மலத்தில் சி.டிஃப், சால்மொனெல்லா, ஒட்டுண்ணிகள், மருந்துக்கு அடங்காத கிருமிகள் என்று தேடுகின்றன. அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களைத் தள்ளிவிடுகின்றன. அமெரிக்காவின் ஓபன்பயோம் என்ற மல வங்கியில் முன்வந்தவர்களில் மூன்று விழுக்காட்டினர்கூடத் தேறவில்லை. 'நம் அண்ணன் திடகாத்திரமாகத்தானே இருக்கிறான்' என்று வீட்டில் ஒருவரிடம் வாங்கி, மிக்ஸியில் அடித்து எனிமா எடுத்துக்கொள்வது எவ்வளவு விபரீதம் என்பது இதிலிருந்தே புரியும். தெம்பாக இருப்பவரின் குடலிலும் மேலே சொன்ன கிருமிகள் சத்தமில்லாமல் குடியிருக்கும்.

தொற்று மட்டுமே கவலை அல்ல. குடல் நுண்ணுயிர்களுக்கும் உடல் எடை, நீரிழிவு, மனநிலை ஆகியவற்றுக்கும் தொடர்புகள் பேசப்படும் காலம் இது. இன்னொருவரின் நுண்ணுயிரோடு வேறு எதெல்லாம் பத்து, இருபது வருடங்களில் வெளிப்படும் என்பதைக் காட்ட நீண்ட காலத் தரவுகள் தேவை. சி.டிஃப் உயிரைக் குடிக்கக்கூடிய தொற்று, அங்கே இந்த ஆபத்தை ஏற்கலாம். ஐ.பி.எஸ். எவ்வளவு வதைத்தாலும் உயிரைப் பறிப்பதில்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இந்த இரு நோய்களிலும் தராசின் தட்டுகள் ஒன்றுபோல் நிற்காது.

அப்படியானால் இப்போது என்ன செய்வது?

முதலில் நோய் ஐ.பி.எஸ். தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் எது இருந்தாலும் 'எனக்கு ஐ.பி.எஸ். தான்' என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்து சாப்பாடு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் குறைந்த உணவுமுறை பலருக்கு உதவுகிறது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயு கிளப்பும் மாவுச்சத்துகளைச் சில வாரம் குறைத்துப் பார்ப்பது இதன் சாரம். நம் சமையலில் வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், கொண்டைக்கடலை, மாம்பழம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அரிசிச் சோறு வராது. நாலு முதல் ஆறு வாரம் குறைத்தபின், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் காலமெல்லாம் ஒதுக்கினால் சத்துக்குறைவு வரும், நல்ல நுண்ணுயிர்களும் பட்டினி கிடக்கும். உணவியல் நிபுணரின் உதவியோடு செய்வது நல்லது.

இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கோதுமைத் தவிடு சிலருக்கு உப்புசத்தை அதிகமாக்கும். வலிக்குப் புதினா வகை எண்ணெய்க் கேப்சூலும் குடல் பிடிப்பைத் தளர்த்தும் மாத்திரைகளும் உண்டு. பழைய மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினை மிகக் குறைந்த அளவில் கொடுப்பது போலியைவிட மேல் என்று, இங்கிலாந்தில் 463 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது மனச்சோர்வுக்காகக் கொடுப்பதல்ல, குடல் நரம்புகளின் மிகையுணர்வைத் தணிக்கக் கொடுப்பது. இவை எல்லாம் மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டியவை. குடல்மூளைத் தொடர்பை முன்வைத்து நடத்தும் உளவியல் சிகிச்சைகளுக்கும் சான்று இருக்கிறது. அவற்றைப் பரிந்துரைத்தால் 'எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள்' என்று கோபப்பட வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு யாராவது உங்களுக்கு ஐ.பி.எஸ். கோளாறுக்கு மல மாற்று செய்யலாம் என்று சொன்னால், நான்கு கேள்விகள் கேளுங்கள். இது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவான ஆய்வா, நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா? கொடையாளருக்கு என்னென்ன பரிசோதனைகள் செய்தீர்கள், முடிவைக் காட்ட முடியுமா? ஒப்பீட்டுக் குழு உண்டா? பக்கவிளைவு வந்தால் பொறுப்பு யாருடையது, எத்தனை காலம் என்னைக் கண்காணிப்பீர்கள்? நேர்மையான ஆய்வாக இருந்தால் இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இருக்கும், அதில் சேர்வது பற்றி உங்கள் மருத்துவரோடு தாராளமாக யோசிக்கலாம். பதில் சொல்லாமல் சிகிச்சைக்குக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் சொல்பவரிடம் உங்கள் வயிற்றை ஒப்படைக்காதீர்கள்.